காலைத் தட்டில் எது குறைகிறது?

அனைவருக்கும் வணக்கம். உங்கள் காலை உணவை அடியோடு மாற்றச் சொல்லி நான் இங்கே நிற்கவில்லை. டப்பாவில் அடைத்து விற்கும் சத்துப்பொடிகளுக்கும் இன்று இங்கே வேலை இல்லை. இப்போது சாப்பிடுவதோடு எதைச் சேர்க்கலாம், எதைத் தள்ளி வைக்கலாம் என்பதுதான் பேச்சு.

பெரும்பாலான காலைத் தட்டுகளில் மாவுச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. குறைவது புரதமும் நார்ச்சத்தும்தான். எட்டு மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டவருக்குப் பத்தரைக்கே பசிக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஓட்ஸ் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். 40 கிராம் ஓட்ஸைத் தண்ணீரில் காய்ச்சினால் கிடைப்பது சுமார் 5 கிராம் புரதம். அதில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்த்தால் இன்னொரு 5 கிராம். வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 15 கிராம் போட்டால் மேலும் 4 கிராம் அளவுக்கு. கூடவே ஒரு முட்டை வைத்தால் 6 கிராம். கூட்டிப் பாருங்கள், 20 கிராம் வந்துவிட்டது!

செய்முறையில் இரண்டு இடத்தில்தான் தவறும். கொதிக்கும் கஞ்சியில் பால் பவுடரைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். கால் டம்ளர் ஆறிய தண்ணீரில் கரைத்து, அடுப்பை அணைக்கும் முன் ஊற்றுங்கள். முதலிலேயே பாலில் வேகவைத்தால் அடிப்பிடிக்கும். 200 மில்லி தண்ணீரில், சிறுதீயில், ஐந்து நிமிடம் வேகவைத்துவிட்டு அப்புறம் பாலைச் சேருங்கள். ஓட்ஸ் வாங்கும்போது எதுவும் கலக்காத வெறும் ஓட்ஸாகப் பாருங்கள். சுவையூட்டிய பாக்கெட்டுகளில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்தே வருகிறது.

அடுத்தது முளைகட்டிய பயறு. எட்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, ஈரத்துணியில் கட்டி வையுங்கள். நடுவில் இரண்டு முறை அலசுங்கள். அடியில் தண்ணீர் தேங்கினால் பயறு கொழகொழத்து நாற்றமடிக்கும். அதைக் கழுவிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள். பயறு முளைக்கத் தேவையான அதே சூடும் ஈரமும் கிருமிகளுக்கும் பிடிக்கும். அதனால் பச்சையாகத் தின்னாமல், நன்றாக ஆவி பறக்க வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இது கட்டாயம். ராஜ்மாவை மட்டும் இந்த வழிக்குக் கொண்டுவராதீர்கள். அரைகுறையாக வெந்தால் வாந்தியில் கொண்டுபோய் விடும்.

பயறிலும் தானியத்திலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் உடல் அதை எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி கூட இருந்தால் உறிஞ்சுவது கூடும். அரை எலுமிச்சம்பழமே போதும். அந்த வைட்டமின் சூட்டில் அழியும் என்பதால், இறக்கி வைத்த பிறகு பிழியுங்கள். இதற்கு நேர்மாறான வேலையைச் செய்பவை தேநீரும் காபியும். அவற்றை விடச் சொல்லவில்லை, சொன்னாலும் யார் கேட்கப்போகிறீர்கள்? சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காசு செலவில்லாத மாற்றம் இது.

ஆளி விதையை முழுசாகப் போடுவது வீண், பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறும். பொடித்துப் போடுங்கள். பொடி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், ஆகவே ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பழத்தைச் சாறாக்கினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். மென்றே தின்னுங்கள்.

நேரமில்லை என்பவர்கள் முட்டைகளை இரவே வேகவைத்து, ஓட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். ஒரு வாரம் தாங்கும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். ஒவ்வாமை இல்லையென்றால், நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள்.