சாக்பீஸ் புடிச்சவர் சொல்றதுதான் கணக்கு

வணக்கம். நம்ம வானொலில டார்ட்ஸ், அதான் வட்டமான போர்டுல சின்ன அம்பு எறியற ஆட்டம், அதப் பத்தி பேசணும்னு கூப்பிட்டது எனக்கு அவ்ளோ சந்தோஷம். இங்கிலாந்துல வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பப் டீம்ல பல வருஷமா ஆடிட்டிருக்கேன். வாரத்துல ஒரு ராத்திரி மேட்ச், ஒரு வாரம் எங்க பப்ல, அடுத்த வாரம் அவங்க பப்ல. காசு பணம்லாம் கெடையாது, சீசன் முடிஞ்சா ஒரு கப்பு, அவ்ளோதான். வெளியூர்லேர்ந்து வந்து குடியேறின ஒருத்தருக்கு இந்த லீக்ல எப்படி ஒரு எடம் கெடைக்குது, அதத்தான் இன்னிக்கு சொல்லப் போறேன்.

பப்புன்னா நம்ம ஆளுங்க பல பேருக்கு உள்ள போகவே யோசனை. தெருமுனைல அந்தக் கட்டடம் இருக்கும், தெனமும் பஸ்ஸுக்குப் போறப்ப அதத் தாண்டித்தான் போவோம், புள்ளைங்கள தமிழ்ப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றப்பவும் அதே வழிதான், ஆனா கதவ தொறந்திருக்க மாட்டோம். குடிக்கிற எடம், சண்ட வரும், நமக்கெதுக்குன்னு இருந்துடறோம். நான் குடிக்க மாட்டேங்க. லைம் சோடா வாங்கி வெச்சுக்குவேன், இத்தன வருஷத்துல ஏன்னு ஒருத்தர் கேட்டதில்ல. டார்ட்ஸ் ராத்திரில எல்லார் கண்ணும் போர்டு மேலதான் இருக்கும்.

ஆனா நம்ம பெரியவங்க தயங்கினதுல நியாயம் இருந்துச்சு, அதயும் சொல்லணும். எங்க பக்கத்துல ஸ்மெதிக்குன்னு ஒரு ஊரு. 1960கள்ல அங்க பப்கள்ல நிறத்த வெச்சு ரூம் பிரிச்சிருந்தாங்க, இந்தப் பக்கம் உக்காரலாம், அந்தப் பக்கம் உக்காரக் கூடாதுன்னு. பவுண்டரில இரும்பு உருக்கிட்டு சாயங்காலம் வர்ற நம்ம நாட்டுத் தொழிலாளிக்கு அந்த நெலம. இந்தியத் தொழிலாளர் சங்கத்துல இருந்த அவ்தார் சிங் ஜோஹல் மாதிரி ஆட்கள் விடாம எதிர்த்து நின்னாங்க. 1965 பிப்ரவரில, அமெரிக்காவுல கறுப்பின மக்களோட உரிமைக்காகப் போராடின மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்தப்ப ப்ளூ கேட்ஸ்ங்கிற பப்புக்கே அவர கூட்டிட்டுப் போனாங்க. அதே வருஷக் கடைசில இன உறவுச் சட்டம் வந்து, பப் மாதிரி பொது எடத்துல பாகுபாடு காட்டறது சட்டவிரோதம்னு ஆச்சு. இன்னிக்கு அதே வட்டாரத்துல பஞ்சாபிக் குடும்பங்க நடத்தற பப்கள் எவ்ளோவோ இருக்கு, மிக்ஸட் கிரில் வாசன தெரு வரைக்கும் வரும், உள்ள டார்ட் போர்டும் தொங்கும். அந்தக் கதவ தொறந்து நான் சாதாரணமா உள்ள போறேன்னா அவங்க பட்ட பாடு அது, ஒவ்வொரு சீசன் ஆரம்பத்துலயும் எனக்கு அது ஞாபகம் வரும்.

சரி, ஆட்டத்துக்கு வரேன். டிவில லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ்ல நடக்கற உலகப் போட்டிய பாத்திருப்பீங்க, 2025 ஜனவரில லூக் லிட்லர் 17 வயசுல உலக சாம்பியன் ஆனத பாத்திருப்பீங்க, நம்ம இந்தியாவுலேர்ந்து நிதின் குமார் அதே மேடைல ஆடியிருக்காரு. 2019 டிசம்பர்ல ஃபாலன் ஷெராக் அங்க ஆம்பள ஒருத்தர ஜெயிச்சு, அந்த உலகப் போட்டில மேட்ச் ஜெயிச்ச மொத பொண்ணுன்னு பேர் வாங்கினாங்க. ஆனா அதே போர்டுதாங்க தெருமுனை பப்லயும், நின்னு எறியற எடத்துலேர்ந்து போர்டுக்கு அதே 7 அடி 9¼ அங்குல தூரம்தான்.

ஆட்டம் ரொம்ப எளிது. 501ல ஆரம்பிச்சு, போர்டுல அம்பு குத்தற எண்ண கழிச்சிட்டே வரணும். ஒரு தடவைக்கு மூணு அம்பு. கடைசி அம்பு டபுள்ல குத்தி, அதாவது வெளி ஓரத்துல இருக்கே ஒல்லியா ஒரு வளையம், அங்க விழுந்தா எண்ணு ரெண்டு மடங்கு, அதுல குத்தி சரியா ஜீரோ ஆக்கணும். அதுக்குமேல போயிட்டாலோ ஒண்ணு மிச்சம் நின்னாலோ அந்தத் தடவ செல்லாது. இவ்ளோதான் விதி.

இப்ப நான் பேச வந்த விஷயம். சாக் பண்றது. ஒவ்வொரு லெக்குக்கும், அதாவது 501லேர்ந்து ஜீரோ வரைக்கும் ஒரு ஆட்டத்துக்கு, ஒருத்தர் போர்டு பக்கத்துல நின்னு சாக்பீஸால கணக்கு எழுதணும், இப்பலாம் மார்க்கர் பேனாவும் உண்டு, பேரு என்னவோ சாக் பண்றதுதான். அசையக் கூடாது, ஆடறவர் மூஞ்சியப் பாக்கக் கூடாது, போர்டையே பாத்துட்டு நிக்கணும். மூணு அம்பும் விழுந்ததும் கூட்டிச் சொல்லணும், 85ன்னா 85, மிச்சத்துலேர்ந்து கழிச்சு எழுதணும். ஆடறவர் நடுவுல எவ்ளோ மிச்சம்னு கேட்டா சொல்லலாம், 32ன்னு சொல்லலாம், ஆனா டபுள் 16க்கு போடுன்னு சொல்லக் கூடாது. அந்தக் கோடு ரொம்ப முக்கியம்.

நம்ம ஊர்ல கல்யாணத்துல மொய் நோட்டு யார்கிட்ட குடுப்பாங்க யோசிச்சுப் பாருங்க, நாலு பேருக்குத் தெரிஞ்ச, எல்லாரும் நம்பற ஆள்கிட்டத்தான, சாக்பீஸும் அப்படித்தான். நான் டீம்ல சேந்த புதுசுல எங்க கேப்டன், பவுண்டரில வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, அதிகம் பேச மாட்டாரு, எதுவும் சொல்லாம சாக்பீஸ எடுத்து என் கைல வெச்சாரு. அவங்க பேச்சு எனக்கு அப்ப பாதிதான் புரியும், பிளாக் கண்ட்ரின்னு சொல்ற இந்த வட்டாரத்துப் பேச்சு அது, கேட்டவங்களுக்குத் தெரியும். ஆனா கழித்தல் கணக்கு எனக்கு வரும். வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணி வளந்தவங்க நாம. பேச்சு புரியற வரைக்கும் காத்திருந்திருந்தா இன்னும் ஓரமாவே உக்காந்திருப்பேன்.

ஒரு மேட்ச் சொல்றேன், நேரமாகும், பரவால்ல. டிப்டன் பக்கம் ஒரு பப்ல ஆடறோம், கடைசி ஆட்டம், ரெண்டு டீமும் சமமா நிக்குது, நான் சாக் பண்றேன். எங்க ஆள் மூணு அம்பு போட்டாரு. ரெண்டு அம்பு 20ல, சந்தேகமே இல்ல. மூணாவது ட்ரிபிள் கம்பிய, அதாவது எண்ணு மூணு மடங்கு ஆகற உள் வளையத்தோட கம்பிய, ஒட்டினாப்ல, மேல. தூரத்துலேர்ந்து பாத்தா ட்ரிபிள் மாதிரியே தெரியும். அவரு சந்தோஷத்துல நூறுன்னு கத்திட்டு, நான் எழுதறதுக்கு முன்னாடியே வந்து அம்ப உருவிட்டாரு. நான் பக்கத்துல நிக்கறேன், எனக்குத் தெரியும், அது கம்பிக்கு வெளிய. அறுபதுன்னு எழுதினேன். எங்க டீம்லயே நாலஞ்சு பேர் சத்தம் போட்டாங்க, நூறுன்னு. எதிர் டீம் ஒண்ணும் பேசல, என்னையே பாத்துட்டிருந்தாங்க. எங்க கேப்டன் எந்திரிச்சு வந்தாரு, போர்ட பாக்கவே இல்ல, அம்புதான் போயிடுச்சே, என்ன பாத்து எவ்ளோன்னு கேட்டாரு. அறுபதுன்னேன். திரும்பி எல்லார்கிட்டயும் சொன்னாரு, சாக் பண்றவர் அறுபதுன்னு சொல்லிட்டாரு, ஆட்டத்த நடத்துங்கன்னு. அந்த லெக்ல தோத்தோம், மேட்சும் போச்சு. எங்க ஆளே வந்து கை குடுத்தாரு. அதுக்கப்புறம் எந்தப் பப்புக்குப் போனாலும் என் பேர சொல்லி கூப்பிட்டு சாக்பீஸ நீட்ட ஆரம்பிச்சாங்க, பேர முழுசா, நிதானமா, தப்பில்லாம சொல்லக் கத்துக்கிட்டாங்க. வேல பாத்த எடத்துல அது நடக்க அதவிட ரொம்ப நாளாச்சு.

இப்ப சில லீக்ல டேப்லெட் மாட்டிட்டாங்க, அழுத்தினா அதுவே கழிச்சுக்கும். எனக்கு அது புடிக்கல. கணக்கு சரியா வரும், நான் ஒத்துக்கறேன், ஆனா புதுசா வர்ற ஒருத்தர நிக்க வெக்க இருந்த எடம் போயிடுது. பேசத் தெரியாம வர்றவருக்கு பப்புக்குள்ள இருந்த மொத வேல அது. நான் லீக் கூட்டத்துலயும் இதச் சொல்லியிருக்கேன், இங்கயும் சொல்றேன், சாக்பீஸ விட்டுடாதீங்க.

கணக்குன்னதும் அந்த 32. ஏன் எல்லாரும் 32 மிச்சம் வெக்கப் பாக்கறாங்கன்னா, டபுள் 16 தப்பி உள்ள சும்மா 16ல விழுந்தா 16 மிச்சம், டபுள் 8. அதுவும் தப்பி 8ல விழுந்தா டபுள் 4, அப்புறம் டபுள் 2, அப்புறம் டபுள் 1. பாதி பாதியா வந்துட்டே இருக்கும், ஒத்தப்படைல மாட்ட மாட்டோம். 38 வெச்சுப் பாருங்க, டபுள் 19 தப்பி 19ல விழுந்தா மிச்சம் 19, இன்னொரு அம்பு செலவு பண்ணித்தான் இரட்டைப்படைக்கு வரணும். இத எனக்கு யாரும் பாடமா நடத்தல, சாக் பண்ணி நிக்கறப்ப வாரா வாரம் கண்ணெதிர்ல நடந்துச்சு, அப்படியே படிஞ்சிடுச்சு. சாக்பீஸ விடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நிகழ்ச்சி நடத்தறவங்க கை காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். சாப்பாட்டப் பத்தி நெறைய சொல்ல வெச்சிருந்தேன், மேட்ச் பாதில வீட்டு டீம் போடற சாப்பாடு, சில பப்ல சீஸும் வெங்காயமும் வெச்ச காப்ங்கிற உருண்ட ரொட்டி, சில பப்ல சமோசாவும் சில்லி சிக்கனும், அத விட்டுடறேன்.

சேரணும்னா என்ன பண்ணணும், அத மட்டும். பெரும்பாலும் செப்டம்பர் வாக்குல சீசன் ஆரம்பிக்கும், அதுக்கு ஒரு மாசம் முன்னாடி போங்க. அம்பு வாங்க வேணாம், பார்ல கேட்டா குடுப்பாங்க, கைக்குப் பழகினப்புறம் 22, 24 கிராம்ல சொந்தமா வாங்கிக்கலாம். வீட்ல மாட்டறதா இருந்தா போர்டோட நடுப்புள்ளி தரைலேர்ந்து 5 அடி 8 அங்குலம், புள்ளைங்க குறுக்க ஓடாத சுவரா பாத்து மாட்டுங்க. பொண்ணுங்களுக்குத் தனி லீக்கும் பல ஊர்ல இருக்கு, சேந்து ஆடற லீக்கும் இருக்கு, தயங்காம கேளுங்க. போர்டு இருக்கிற பப்பா பாத்துப் போயி, இங்க டார்ட்ஸ் டீமுக்கு ஆள் வேணுமா, எந்த ராத்திரி ஆடறீங்கன்னு பார்ல நிக்கறவர்கிட்ட கேளுங்க. ஆள் வேணாம்னு சொன்னாலும் அந்த ராத்திரி போயி, சாக் பண்ண நான் வரட்டான்னு கேளுங்க. நன்றி, வணக்கம்.