2 டிகிரி இருக்கும்போதே ரோட்டுல ஐஸ் எப்படி?

அடுத்த கேள்வி. "ஆப்ல 2 டிகிரின்னு காட்டுச்சு. மழையும் இல்ல, ஸ்னோவும் இல்ல. ஆனா காலைல பாலத்து மேல கார் வழுக்கிடுச்சு. எதைப் பாத்துட்டுதான் கிளம்புறது?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க. ரொம்ப முக்கியமான கேள்விங்க இது.

அந்த 2 டிகிரி இருக்கே, அது காத்தோட வெப்பநிலை. தரையிலேர்ந்து ஒன்றரை, ரெண்டு மீட்டர் உயரத்துல அளக்குறது. உங்க டயர் ஓடுறதோ தார் மேல. ராத்திரி மேகமே இல்லாம, காத்தும் அசையாம இருந்தா, ரோடு தன்னோட சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுடும். காத்து 2 டிகிரில நிக்கும்போதே தார் பூஜ்ஜியத்துக்குக் கீழ போயிடும். பாலம் இன்னும் மோசம். மேலயும் காத்து, கீழயும் காத்து. அடியில மண்ணோட சூடு கிடையாது. அதனால முதல்ல உறையுறது அதுதான்.

மழையே இல்லையே, தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? காத்துல இருக்குற ஈரம்தான். அதுக்குத்தான் ட்யூ பாயிண்ட்டையும், அதாவது காத்துல இருக்குற ஈரம் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலையையும், பாக்கச் சொல்றேன். ரோடு அந்த அளவுக்கும் கீழ, பூஜ்ஜியத்துக்கும் கீழ குளிர்ந்துட்டா, ஈரம் நேரா உறைபனியா படிஞ்சிடும். அது மேல வண்டிங்க போகப் போக நசுங்கி, சும்மா நனைஞ்ச ரோடு மாதிரியே தெரியும்.

குளிர் நாடுகள்ல நெடுஞ்சாலைத் துறைக்காரங்க நிறைய இடத்துல ரோட்டுக்குள்ளயே சென்சார் பதிச்சிருக்காங்க, கேமராவும் வச்சிருக்காங்க. அவங்க மேப்ல ரோட்டோட வெப்பநிலை தனியா வருதான்னு தேடுங்க. கூடவே, அது எத்தனை மணிக்கு அப்டேட் ஆச்சுன்னு கண்டிப்பா பாருங்க. ராத்திரி 10 மணிக்கு "ஈரம்"னு போட்டதை நம்பி காலைல 6 மணிக்குக் கிளம்பாதீங்க. பெரும்பாலும் விடியுற நேரத்துலதான் குளிர் உச்சத்துல இருக்கும். கேமராவுல ரோடு நனைஞ்ச மாதிரி மினுங்குது, ஆனா டயர்லேர்ந்து தண்ணி தெறிக்கலையா? ஐஸ்னே வச்சுக்குங்க.

உப்பு போட்டாச்சேன்னு தைரியமா இருக்கவும் முடியாது. சாதாரண உப்பு மைனஸ் 9 வாக்குல வந்துட்டாலே மந்தமாயிடும்.

உறைமழை எச்சரிக்கை வந்துச்சுன்னா, இந்தக் கணக்கு எதுவும் வேணாம். விழுற துளி தரையைத் தொட்டதுமே உறையுது. தயவுசெஞ்சு அன்னைக்கு வண்டிய எடுக்காதீங்க.

கார் மீட்டர் காட்டுறதை நம்பலாமான்னும் கேட்டிருக்கீங்க. அதுவும் காத்தைத்தான் அளக்குது. நிறைய கார்ல 3, 4 டிகிரிலயே ஐஸ் எச்சரிக்கை வர்றது அதனாலதான்.