வால்பாறையில் குடியேறியவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால், ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கிறது வால்பாறை. நகராட்சிதான் என்றாலும், கடைவீதியைத் தாண்டினால் எல்லாப் பக்கமும் தேயிலை எஸ்டேட்டுகள். அவற்றைச் சூழ்ந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம்.

இவ்வூரின் வரலாற்றை வெள்ளைக்காரத் துரைமாரிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது எனக்கு உடன்பாடில்லை. காடர், முதுவர், மலைமலசர் முதலிய பழங்குடியினர் அவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இக்காடுகளில் வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் காப்பிக்காகவும், பின்னர் பெருமளவில் தேயிலைக்காகவும் காடு அழிக்கப்பட்டபோது, அவர்கள் தம் நிலத்திலேயே ஓரம் தள்ளப்பட்டார்கள்.

தோட்டங்களை உருவாக்கியவர்களில் முன்னோடி என்று கார்வர் மார்ஷ் போற்றப்படுகிறார். மலைப்பாதையோரம் அவருக்குச் சிலையும் உண்டு. ஆனால் மரத்தை வெட்டி, சரிவில் குழி தோண்டிச் செடி நட்டவர்கள், வறட்சியும் கடனும் விரட்ட, தோட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு சமவெளிகளிலிருந்து குடும்பத்தோடு மலையேறி வந்தவர்கள். அந்த முன்பணமே அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. ஓயாத மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த அவர்களில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் பலர். அவர்களுக்குச் சிலை இல்லை என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

லயன்களில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகளில், அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது, பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் வீடு வேலையோடு பிணைந்தே இருந்தது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பமாயினும், ஓய்வு பெற்றதும் வேலைக்குத் தொடரும் வாரிசு இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95,000 ஆக இருந்த மக்கள்தொகை, 2011இல் ஏறத்தாழ 71,000 ஆகக் குறைந்துவிட்டது. குறைந்த கூலியும், படித்த பிள்ளைகளுக்கு மலையில் வேறு வேலை இல்லாமையும், கோவை, திருப்பூர் ஆலைகளின் ஈர்ப்பும் இதற்குக் காரணங்கள். யானையும் சிறுத்தையும் நடமாடும் வழியில் அன்றாடம் வேலைக்குச் செல்லும் அச்சத்தையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். பெற்றோர் ஓய்வு பெற்றபின் தங்குவதற்கு மலையில் சொந்த இடம் இல்லாத நிலையில், பிள்ளைகள் கீழேயே நிலைத்துவிடுகிறார்கள். ஆகவே ஓய்வு பெறும் தொழிலாளிக்கு இம்மலையிலேயே வீட்டுமனைப் பட்டா வழங்க வேண்டும் என்பதை நாம் இந்த மேடையிலிருந்து உரக்கக் கேட்க வேண்டும்.