தண்ணிக்குள்ள படம் எடுக்க முதல் கமரா எது?

நிலாவெளியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, புறாத்தீவில ஸ்நோர்க்கல் போட்டு முருகைக்கல்லையும் சின்ன மீன்களையும் படம் எடுக்க ஆசை. போனைத் தண்ணி போகாத பையில போட்டு எடுத்தாக் காணுமா, கோப்ரோ வாங்கவா, வேற கமரா இருக்கா?"

தம்பி, அந்தப் பையை விட்டிடுங்கோ. தண்ணிக்குள்ள போன் திரை விரலுக்கு ஒழுங்கா வேலை செய்யாது, பையில ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலே போனும் போயிடும். கோப்ரோ எண்ட சின்ன வீடியோ கமராவில கனக்க மொடல்கள் உறையில்லாமலே 10 மீற்றர் தாங்கும். சுறா சுத்திப் போறதை வீடியோ எடுக்க அருமையான சாமான். ஆனா அது எல்லாத்தையும் அகலமாப் பாக்கும், விரலளவு மீன் அதில ஒரு புள்ளிதான். கிட்டக் கொண்டு போனா மங்கிடும்.

உங்கட ஆசைக்கு ஓஎம் சிஸ்டம் கொம்பனியின்ர டிஜி-7 மாதிரி, தண்ணியும் அடியும் தாங்கிற ஒரு டஃப் கமராதான் சரி. 2023இல வந்தது. அதுக்கு முந்தின டிஜி-6 பாவிச்சது கிடைச்சாலும் வாங்கலாம், மூடி ரப்பரை மட்டும் வடிவாப் பாருங்கோ. ரெண்டும் 15 மீற்றர் தாங்கும். 12 மெகாபிக்சல்தானே எண்டு யோசிக்காதேங்கோ. லென்சுக்கு 1 சென்ரிமீற்றர் கிட்ட இருக்கிறதையும் துலக்கமா எடுக்கும், அதுதான் பெரிய விசயம். ஏனெண்டா தண்ணி முதல்ல சிவப்பைத்தான் குடிக்கும். 5 மீற்றர் இறங்கினாலே எல்லாம் நீலமும் பச்சையுமாப் போயிடும். பக்கவாட்டிலயும் அப்பிடித்தான், மீனுக்கும் உங்களுக்கும் நடுவில தண்ணி கூடக் கூட நிறம் குறையும். அதால கிட்டப் போங்கோ. ரோ பைலா, அதாவது கமரா சுருக்காத மூலப் படமா எடுத்து வச்சா, பிறகு நிறத்தைக் கொஞ்சம் மீட்கலாம். பிளாஷைப் போடாதேங்கோ, மிதக்கிற தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியா விழும். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

மே முதல் செப்டம்பர் வரைக்கும் எங்கட கடல் அமைதி. வாடை தொடங்கினாத் தண்ணி கலங்கும், அப்ப எந்தக் கமராவும் உதவாது.

என்ர முதல் கமரா ஒரு மணல் துணிக்கையாலதான் போனது. பற்றரி மூடி ரப்பரில ஒட்டியிருந்ததை நான் பாக்கேல்ல, அண்டைக்கு எடுத்த படம் ஒண்டும் மிஞ்சேல்ல. மூடியை வீட்டிலயே துடைச்சுப் பூட்டுங்கோ, படகில திறக்காதேங்கோ. வந்த உடன மூடி பூட்டினபடியே நல்ல தண்ணி வாளியில ஊறப் போடுங்கோ.

இன்னுமொண்டு தம்பி. கிட்டப் போகச் சொன்னன் எண்டதுக்காக முருகைக்கல்லில கால் ஊண்டிடாதேங்கோ. புறாத்தீவு 2003இல இருந்து தேசியப் பூங்கா, அங்க உடையிற ஒரு துண்டு திரும்ப வளரக் கனகாலம் எடுக்கும். மீன் கல்லுக்குள்ள போனா விடுங்கோ, கொஞ்சம் அசையாமல் மிதந்தா அதுவே வெளியில வரும்.