என்டர் தட்டாமலே எழுத்தை வாங்குவது

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியிலும் கடலூரிலும் சி மொழி படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி. டர்போ சி என்ற பழைய கம்பைலரில் கெட்ச் என்ற ஃபங்ஷனைப் போட்டால் தட்டிய எழுத்து உடனே கிடைக்கிறது. லினக்ஸுக்கு வந்தால் அந்தக் கெட்ச்சுக்கு வேண்டிய கோனியோ ஹெட்டர் கோப்பே இல்லை என்கிறது கம்பைலர். அதற்குப் பதில் சி-யின் பொதுவான கெட்சார் போட்டாலோ, என்டர் தட்டும் வரை புரோகிராம் அசைவதில்லை. ஏன்?

கீபோர்டில் தாமதம் இல்லை. எழுத்து இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அப்போதே போய்விடுகிறது. முழு வரி சேரும் வரை கெர்னல்தான் பிடித்து வைக்கிறது. காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் கருவியில் யூனிக்ஸ் ஓடிய 1970-களின் ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடும்கூட. பேக்ஸ்பேஸில் அழித்துத் திருத்தும் வேலையை ஒவ்வொரு புரோகிராமும் தனியாகச் செய்ய வேண்டாம் அல்லவா?

சரி, உடனே வேண்டுமென்றால் டெர்மினலின் அமைப்பை மாற்ற உதவும் டெர்மியோஸ் இருக்கிறது. டெர்மினலின் இப்போதைய அமைப்பை வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரி சேரும் வரை பிடித்து வைக்கும் ஐகானான், தட்டியதைத் திரையில் காட்டும் எக்கோ இரண்டையும் அணைத்துத் திருப்பிக் கொடுங்கள். குறைந்தது எத்தனை பைட் வேண்டும் என்னும் விமின் 1, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்னும் விடைம் 0 என்று வைத்தால், ஒரு பைட் வந்ததும் அதைப் படிக்கும் ரீட் ஃபங்ஷன் திரும்பிவிடும். விளையாட்டு எழுதுபவர்கள் விமின் 0, விடைம் 1 வைக்கலாம். ஒன்றும் வராவிட்டால் நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே காத்திருக்கும்.

முடிக்கும்போது அந்த நகலைத் திரும்ப வைத்தே ஆக வேண்டும். இதில் நான் மிகவும் கண்டிப்பு. இல்லாவிட்டால் அடுத்து தட்டுவது எதுவுமே திரையில் தெரியாமல் போகலாம். அப்போது பதறாமல், டெர்மினலைச் சீராக்கும் ஸ்டிடி சேன் கட்டளையைத் தட்டி என்டர் கொடுங்கள். புரோகிராம் முறையாக முடியும்போது ஓடும் ஏட்எக்சிட்டில் இதை எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கன்ட்ரோல் சி அடித்து புரோகிராம் செத்தால் அது ஓடாது. நம் கட்டளைகளை வாங்கும் ஷெல்களில் சில தாமே சரிசெய்யும்தான், ஆனால் அதை நம்பி எழுதக் கூடாது. கன்ட்ரோல் சி அனுப்பும் சிக்னலையும் கவனியுங்கள்.

அப்புறம், ஒரு பைட் என்பது ஒரு விசை ஆகாது. மேல் அம்பு விசை வழக்கமாக 27, 91, 65 என மூன்று பைட்டாக வரும். தமிழில் இன்னும் நுட்பம். கடலூர் என்பது நமக்கு நான்கு எழுத்து, எழுத்துகளை பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். முதல் பைட் 224 என்றால் பின்னால் இன்னும் இரண்டு வரும், சேர்த்தே படியுங்கள். அப்படிப் படித்தாலும் ல கிடைத்தவுடன் எழுத்து முடிந்ததா, ஊகாரக் குறி வருமா என்று தெரியாது. தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி புரோகிராம் எழுதும் பிள்ளைகள் குறிக்காகக் காத்திருக்க வேண்டாம். ல-வை உடனே காட்டுங்கள், குறி வந்ததும் அதே இடத்தில் லூ என்று மாற்றி வரையுங்கள். எக்கோவை அணைத்திருப்பதால் திரை உங்கள் கையில்தான் இருக்கிறது.