மேலே போவது வேறு, சுற்றி வருவது வேறு

அவையோருக்கு வணக்கம்.

விண்வெளிச் சுற்றுலா என்ற ஒரே பெயரில் இன்று இரண்டு பயணங்கள் விற்கப்படுகின்றன. "நம்மைப் போன்றவர்களுக்கு எப்போது வாய்க்கும்?" என்று கேட்கும்போது, இரண்டில் எதைக் கேட்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, ஏறி இறங்குவது. புளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட் ராக்கெட் கிளம்பி, 100 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டு, கலம் பாராசூட்டில் தரை சேரும்வரை சுமார் பத்து நிமிடம். அதில் மிதப்பது மூன்று, நான்கு நிமிடம். 2021 ஜூலையில் ஆட்களோடு அது முதன்முறை பறந்தபோது 82 வயது வாலி ஃபங்கும் 18 வயது ஆலிவர் டேமனும் அதில் இருந்தார்கள். ஆகவே இந்தப் பயணத்துக்கு வயது பெரிய தடையில்லை.

மற்றது, பூமியைச் சுற்றுவது. இதற்கு உயரம் மட்டும் போதாது, வேகம் வேண்டும்: வினாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர். ஒரு கிலோ எடையை 100 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க 1 மெகாஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு கிலோவைச் சுற்றுப்பாதையில் ஓடவிட 30 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். திரும்பும்போது இத்தனை ஆற்றலையும் கரைத்தாக வேண்டும். கலத்தின் முன்னால் அமுங்கும் காற்று கொதிக்கிறது. அதனால்தான் வெப்பக் கவசம். ஏறி இறங்கும் கலம் வினாடிக்குச் சுமார் 1 கிலோமீட்டர் வேகத்தில்தான் விழுகிறது. அதற்கு அவ்வளவு கனத்த கவசம் தேவையில்லை.

விலையைப் பாருங்கள். 2001-இல் அமெரிக்கச் செல்வந்தர் டென்னிஸ் டிட்டோ ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்வரச் சுமார் 2 கோடி டாலர் கொடுத்தார். 2022-இல் அதே நிலையத்துக்குப் போன ஆக்சியம்-1 என்ற தனியார் பயணத்தில் ஓர் இருக்கை சுமார் 5.5 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. இடைப்பட்ட காலத்தில் ராக்கெட்டின் கீழ்க்கட்டம் தரையிறங்கவும் மீண்டும் பறக்கவும் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் இருக்கை விலை இறங்கவில்லை. காரணம், எரிபொருள் மொத்தச் செலவில் சிறு பங்குதான். அந்தப் பயணத்துக்கு உதவிய ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் மேல்கட்டம் ஒவ்வொரு பயணத்திலும் போய்விடுகிறது. ஆட்கள் அமரும் டிராகன் கலம் கடலில் விழுகிறது. அதை மீட்டு, சோதித்து, கவசத்தைப் புதுப்பித்த பிறகே மறுபடி அனுப்ப முடியும். பல மாதப் பயிற்சி, நிலையத்தில் தங்கும் கட்டணம் எல்லாம் சேர்ந்து நான்கே பேர் தலையில் விழுகின்றன. மேல்கட்டமும் முழுதாகத் திரும்பி, ஒரே கலத்தில் பல பத்துப் பேர் ஏறினால்தான் இந்தக் கணக்கு மாறும். அதற்கு முட்டுக்கட்டை கவசம்தான். நாசாவின் பழைய விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) மேல் வெப்பம் தாங்கும் 20,000-க்கும் அதிகமான ஓடுகள் இருந்தன. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றைச் சரிபார்த்துப் பழுது நீக்குவதிலேயே காலமும் பணமும் கரைந்தன.

உடலையும் மறக்கக் கூடாது. விண்வெளி வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் தலைச்சுற்றலும் வருகின்றன. உள்காதில் ஈர்ப்பை உணரும் உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்கிறது. தலையைச் சட்டென்று திருப்பாமல் இருப்பதும் மருந்தும் உதவும். பத்து நிமிடப் பயணத்தில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். மூன்று நாள் பயணத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும்.

இனி பாதுகாப்பு. என் கவலையெல்லாம் இங்கேதான். 2014 அக்டோபர் 31 அன்று வர்ஜின் கலாக்டிக் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட, ஏறி இறங்கும் வகையைச் சேர்ந்த ஸ்பேஸ்ஷிப்டூ கலம் சோதனைப் பறப்பில் சிதறியது. வால் பகுதியை மடக்கும் அமைப்பு இறங்கும்போது பயன்படுவது. அதன் பூட்டை, மேலே ஏறும்போது ஒலியின் 1.4 மடங்கு வேகம் வந்த பிறகே திறக்க வேண்டும். துணை விமானி 0.8-லேயே திறந்துவிட்டார். காற்றின் விசை வாலை மேலே தள்ளியது. அவர் இறந்தார், மற்றவர் பாராசூட்டில் பிழைத்தார். ஒருவருடைய ஒரே தவறு கலத்தையே உடைக்கும்படி விட்டது வடிவமைப்பின் குறை என்பதே விசாரணை முடிவு. 2022 செப்டம்பரில் ஆளில்லாமல் போன நியூ ஷெப்பர்டின் எஞ்சின் முனை வெப்பத்தால் பழுதானபோது, தப்பிக்கும் மோட்டார் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு விலகியது. கலம் பத்திரமாக இறங்கியது. சீட்டு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எஞ்சின் நின்றால் எந்த வினாடியில் எப்படித் தப்புவேன்?

அமெரிக்காவில் அரசு இந்தக் கலங்களைப் பயணிகளுக்குப் பாதுகாப்பானவை என்று சான்றளிப்பதில்லை. ஆபத்தை எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

விண்ணோடங்கள் 135 முறை பறந்தன. இரண்டு அழிந்தன, 14 பேர் மாண்டார்கள். ஒரு கலம் ஒரு பறப்பில் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு, வெறும் பறப்புக் கணக்கை வைத்தே சொல்ல, ஒரு விபத்தும் இல்லாமல் சுமார் 3,000 முறை அது பறந்து காட்ட வேண்டும். வாரம் ஒன்று என்றால் 57 ஆண்டுகளுக்கு மேல். நாள்தோறும் ஒன்று பறந்தால் எட்டே ஆண்டு.