கண்மாய்க்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தாரு, சோலாருக்கு யாரு?

[காட்சி: மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய். கரையில நடந்து மடைகிட்ட வர்றோம்.]

இந்த மடையைத் திறக்க, அடைக்க, எந்த வயலுக்கு எப்பத் தண்ணின்னு பார்க்க, ஊரே சேர்ந்து ஒரு ஆளை வச்சிருந்தாங்க. நீர்பாய்ச்சின்னு பேரு. அறுப்பு முடிஞ்சா, தண்ணி பாஞ்ச ஒவ்வொரு வயக்காரரும் களத்துலயே அவருக்கு நெல்லு அளந்துருவாங்க. ஊர்ப்பொதுச் சொத்தை தலைமுறை தலைமுறையா ஓட்டுறது எப்படின்னு நம்ம மதுரைச் சீமைக்கு ஏற்கெனவே தெரியும். சோலாருக்கும் அதுதான் வேணும்.

[காட்சி: மேல்நிலைத் தொட்டி, கீழே போர்வெல்.]

ஒரு ஊராட்சி சோலார்ல இறங்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்? என்னைக் கேட்டா, குடிதண்ணி மோட்டார். பேனல் 25 வருஷம் தாங்கும். ஆனா சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 4, 5 வருஷத்துல கைவிட்டுரும். தெருவிளக்கு ராத்திரி எரியணும், அதுக்குப் பேட்டரி இல்லாம முடியாது. தண்ணியைப் பகல்லயே ஏத்திரலாம். வெயிலைச் சேமிச்சு வைக்கிற வேலையை இந்தத் தொட்டியே பார்த்துக்கும்.

5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுனா கிட்டத்தட்ட 4 யூனிட். நாலு மணி நேரம்னா 15, 16 யூனிட். நம்ம வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமாரா 4 யூனிட் கொடுக்கும். கணக்குக்கு 4 கிலோவாட் வருது; கொஞ்சம் கூடவே வச்சு 5 கிலோவாட், 500 சதுர அடி இடம். நிழல் விழக்கூடாது. ஒரு பேனல்ல வேப்பங்கிளை நிழல் விழுந்தாலே, அதோட கோர்த்த மத்த பேனலும் சேர்ந்து மந்தமாயிரும்.

[காட்சி: காத்தாடி சுத்துது.]

பணம்? சோலார் இல்லைன்னாலும், பணம் புரட்டுன விதத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன். மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே 350 கிலோவாட் காத்தாலை வாங்குச்சு. விலை சுமார் 1.55 கோடி. 40 லட்சம் ஊராட்சி சேமிப்பு, மீதி வங்கிக் கடன். மின்சாரத்துல வந்த வருமானத்தை வச்சே கடனை அடைச்சாங்க. கடன் வாங்குற அளவுக்குக் கணக்குப் புத்தகத்தை ஒழுங்கா வச்சிருந்தாங்க பாருங்க, அதைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். தனி விவசாயிக்குன்னா, 2019-ல வந்த மத்திய அரசோட பி.எம். குசும் திட்டத்துல சோலார் பம்புக்கு மானியம் உண்டு. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துல விசாரிங்க.

[காட்சி: விடியக்காலை. ஈரத்துணியால பேனலைத் துடைக்கிற கை. அருகாமையில.]

இந்தக் கையைக் கொஞ்சம் பாருங்க. பேனல் மேல புழுதி படிஞ்சா மின்சாரம் குறையும். கண்ணாடி சூடேறுறதுக்கு முன்னாடி துடைக்கணும்; உச்சி வெயில்ல பச்சைத் தண்ணியை ஊத்துனா விரிசல் விடலாம். போர்வெல் உப்புத் தண்ணின்னா வெள்ளை வெள்ளையா கறை பிடிக்கும், அதனால நல்ல தண்ணி. இவ்வளவுதான் வேலை. ஆனா யாராவது ஒருத்தர் தன் வேலைன்னு செய்யணும்.

ஒரு ஊருல எட்டு மாசமா நின்னு போன பம்பைப் பார்த்தேன். போயிருந்தது ஒரு ஃபியூஸ். மாட்டிக் கொடுத்தவங்க போன் நம்பர்கூட யாருகிட்டயும் இல்ல. அந்த எட்டு மாசமும் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்கு நடந்திருக்காங்க. மனசு ஆறல.

அதனால, ஊருக்கு உதவ வர்ற கல்லூரி, தொண்டு நிறுவனம், கம்பெனி எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள். பேனல் ஏத்துறதுக்கு முன்னாடி, உள்ளூர்ல ரெண்டு பேருக்கு வேலை கத்துக்கொடுங்க. ஒருத்தர் பொண்ணா இருந்தா நல்லது. தண்ணி வரலைன்னா முதல்ல தெரியுறது அவங்களுக்குத்தான். ஸ்பேர் ஃபியூஸும், கரண்ட் வருதான்னு பார்க்குற மல்டிமீட்டரும் அவங்க கையில இருக்கட்டும்.

300 வீடு, வீட்டுக்கு மாசம் 10 ரூபான்னா 3,000 ரூபா. பாதி பார்க்குற ஆளுக்குக் கூலி, பாதி வங்கியில. பேனல் கரண்டை மோட்டாருக்கு ஏத்தபடி மாத்திக் கொடுக்குற கன்ட்ரோலர் பழுதாகிப் போற அன்னைக்கு யாரு கையையும் எதிர்பார்க்க வேண்டாம். அன்னைக்கு நெல்லு அளந்தாங்க, இன்னைக்கு ரூபா.

[காட்சி: ஆலமரத்தடி, கிராமசபை.]

வருஷத்துக்கு ஆறு தடவை கிராமசபை நடக்குது. அடுத்தது அக்டோபர் 2-ன்னா, அன்னைக்கே எந்திரிச்சுக் கேளுங்க: பம்ப் ரூம் சாவி யாருகிட்ட இருக்கும்? அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? ரெண்டையும் தீர்மானப் புத்தகத்துல எழுத வச்சுட்டு உக்காருங்க.